சிவப்பு மையும் தொலைபேசியும்

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குப் போகிற பக்கத்தில் இருக்கிறது ஜெயமங்கலம். ஒரு பக்கம் கொடைக்கானல் மலை, மறுபக்கம் அணைத் தண்ணீர், நடுவே வயலும் தோப்பும். தண்ணீர் நிற்கும் ஊர்களுக்கெல்லாம் காய்ச்சல் பழைய பகை. கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே மலையில் 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டபோது, பொறியாளர் பென்னிகுயிக்கின் கீழ் வேலை பார்த்தவர்களை மலேரியாவும் காலராவும் வாரிக்கொண்டு போயின. அந்தக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று அன்றைக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அணை திறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான், 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

1958-இல் தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் ஜனவரியில் காமராஜர் வைகை அணையைத் திறந்துவைத்தார். அன்றைய திட்டத்தின்படி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுகாதார ஊழியர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நிற்க வேண்டும். "யாருக்காச்சும் காய்ச்சலா?" என்று கேட்க வேண்டும். காய்ச்சல் என்றால் விரல் நுனியில் ஊசி குத்தி, கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்வார். முன்னெச்சரிக்கையாகக் குளோரோகுயின் கொடுப்பார். வீட்டுச் சுவரில் அச்சிட்ட கட்டத்துக்குள் தேதி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஸ்லைடு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கே மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பவர் கிருமியைக் கண்டால், சேதி திரும்பி வந்து, அதே ஊழியர் பிரைமாகுயின் மாத்திரையோடு அதே வாசலுக்கு வர வேண்டும். அப்போதுதான் சிகிச்சை முழுமை பெறும்.

இந்தச் சங்கிலியில் கிருமியைக் கண்டுபிடிப்பது ஒரு கண்ணிதான். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு, எந்தப் பிள்ளை என்பது ஸ்லைடோடு போய் முடிவோடு திரும்பி வந்தாக வேண்டும். எழுத்து அழிந்தாலோ எண் மாறினாலோ, சரியாகப் பார்க்கப்பட்ட ரத்தம் தவறான ஆளைக் குணப்படுத்தக் கிளம்பிவிடும். லேப் டெக்னீஷியன் என்றாலே வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் தொழிலில் பாதி சேதி சொல்வது. அதை யாரும் தனிப் பாடமாக நடத்தியதில்லை. மூத்தவர் பக்கத்தில் நின்று காதால் கேட்டுப் படித்துக்கொண்டார்கள். இங்கே படித்தவர்கள் கடல் தாண்டிப் போகத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாதிக்கு ஒரு பாடத்திட்டம் தேவைப்பட்டது.

சென்னையில் 1903-இல் நடந்தது இந்தத் தொழிலின் பெரிய கதைகளில் ஒன்று. அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், மண்ணீரல் வீங்கிய நோயாளிகளிடமிருந்து எடுத்த ஸ்லைடுகளில் யாருக்கும் பிடிபடாத சின்னச் சின்ன உருண்டைகளைக் கண்டார். அவற்றை வைத்துப் பூட்டிவிடாமல் லிவர்பூலில் ராஸுக்கும் பாரிஸில் லாவரானுக்கும் ஸ்லைடு அனுப்பினார். அதே உருண்டைகளை வில்லியம் லீஷ்மன் இங்கிலாந்தில் பார்த்து, அந்த வருஷம் மே மாதம் அச்சில் வெளியிட்டிருந்தார். டோனவனின் கட்டுரை ஜூலையில் வந்தது. யார் முந்தி என்ற சண்டை மூள, கடைசியில் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து அந்தக் கிருமிக்கு 'லீஷ்மேனியா டோனவனி' என்று பெயரிட்டார். கருங்காய்ச்சலின் கிருமி உலகத்துக்குத் தெரிந்தது, கப்பலில் போன கண்ணாடித் துண்டுகளாலும் கூடவே போன கடிதங்களாலும். லீஷ்மன் பெயரில் வழங்கும் சாயத்தைத்தான் இன்றைக்கும் தமிழ்நாட்டு லேப்களில் ரத்த ஸ்மியர் மேல் ஊற்றுகிறார்கள்.

காசநோய் லேப்புக்கு வந்தால் சேதி சொல்லும் கலை இன்னும் கறாராகிறது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. சானடோரியத்தில் படுக்க வைப்பதும் வீட்டில் மருந்து கொடுப்பதும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று அதன் ஆய்வு சொன்னது. நோயாளி மருந்து விழுங்குகிறாரா என்று பார்க்க ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கி வந்தார்கள்; லேப் அதில் மருந்தின் தடயத்தைத் தேடியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தபின் சளிப் பரிசோதனை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம்வரை இறங்கியது.

அந்த லேப் ரிஜிஸ்டரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நெகட்டிவ் என்றால் நீலமோ கறுப்போ, பாசிட்டிவ் என்றால் சிவப்பு மை. புரட்டுகிறவர் கண்ணுக்கு எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பாசிட்டிவிலும் தரம் உண்டு. மைக்ராஸ்கோப்பின் நூறு புலங்களைப் பார்த்து மொத்தம் ஒன்று முதல் ஒன்பது கிருமி தெரிந்தால் எண்ணிக்கையை அப்படியே எழுத வேண்டும். பத்து முதல் தொண்ணூற்றொன்பது என்றால் 1 பிளஸ். ஒரு புலத்துக்கு ஒன்று முதல் பத்து வீதம் இருந்தால் 2 பிளஸ், பத்துக்கு மேலானால் 3 பிளஸ். 'கொஞ்சம் இருக்கு', 'நிறைய இருக்கு' என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை. ஜெயமங்கலத்துக்காரர் ஒருவரின் சளியைப் பெரியகுளத்தில் பார்த்தாலும் நைரோபியில் பார்த்தாலும் 2 பிளஸ் 2 பிளஸ்தான். தனி மனிதரின் பேச்சுத் திறமையை நம்பாமல், சொல்லும் முறையையே கட்டிப்போட்ட ஏற்பாடு இது. பின்னால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி வகுப்புகள் எதைக் கற்றுக்கொடுக்கப் போராடினவோ, அதன் ஒரு பகுதி இந்த ரிஜிஸ்டரில் ஏற்கெனவே இருந்தது.

வெளியூரில் படித்துவிட்டு வந்து உள்ளூர்ப் பேச்சைக் கற்க வேண்டிய நிலை, தமிழர் மருத்துவ வரலாற்றில் முதலில் நமக்கு வந்ததல்ல, நம்மிடம் வந்தவர்களுக்கு வந்தது. பெரியகுளத்தில் நிலையம் வைத்திருந்த அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்தது. அந்த யாழ்ப்பாண மிஷனுக்கு 1847 அக்டோபரில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் வந்து இறங்கினார். மாசசூசெட்ஸின் வூஸ்டர்க்காரர், நியூயார்க்கில் மருத்துவம் படித்தவர், வயது 25. மறுவருஷமே மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார், முதலில் ஆங்கிலத்தில்.

கிரீனுக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. ஆங்கிலத்தில் படித்த பையன்கள் அரசு உத்தியோகம், தோட்டத்து வேலை என்று யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினார்கள். கிராமத்தில் நோயாளி அப்படியே இருந்தார். 1864-இல் கிரீன் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். வகுப்பு மாறினால் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குக் கலைச்சொல் வேண்டும். 'இரண வைத்தியம்' 1867-இல் வந்தது. கிரேயின் உடற்கூற்றியல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. அதே வருஷம் 'வைத்தியாகரம்', 1875-இல் வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்'. மாணவர்களும் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தார்கள். 1873-இல் அவர் ஊர் திரும்பும்போது அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து மருத்துவர்களாகியிருந்தார்கள். மாணவர்கள் கோட்டு சூட்டுக்கு மாறாமல் தங்கள் உடையிலேயே நோயாளியிடம் போக வேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். படித்த இடத்து வழக்கத்தை நோயாளிமேல் திணிக்காமல், வேலை பார்க்கும் இடத்து வழக்கத்தைத் தான் கற்றுக்கொண்டார் என்பதுதான் கிரீனின் பெருமை. அந்தச் சிரமத்தை அவர் குறையாக நினைக்கவில்லை. தொழிலின் கடமையாக ஏற்றுக்கொண்டார். இன்று எதிர்த்திசையில் போகிற நம் பிள்ளைகளை அங்கே மதிப்பிடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எதிர்த்திசைப் பயணம் பெரும்பாலும் வளைகுடாவில் தொடங்கும். தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996-இல், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2004-இல். அதற்கு முன்னும் பின்னும் மதுரையிலும் தேனியிலும் லேப் டிப்ளமோவான டிஎம்எல்டி முடித்தவர்கள் துபாய், குவைத், சவூதி என்று போயிருக்கிறார்கள். அங்கே நர்ஸ் மணிலாக்காரராக இருப்பார், டாக்டர் கெய்ரோக்காரராக இருப்பார், நோயாளி அரபி பேசுவார். எல்லாருக்கும் இரண்டாம் மொழியான ஓர் ஆங்கிலத்தில் காரியம் நடக்கும். கம்பத்திலும் போடியிலும் வேலை பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. ஏலத்தோட்டத்து மலையாளமும் நம்மூர்த் தமிழும் கலந்த நோயாளிகளை அவர்கள் ஏற்கெனவே சமாளித்திருப்பார்கள். கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ போகும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கே ஆங்கிலத்துக்குத் தேர்வு வைக்கிறார்கள். தேர்வில் தேறியபிறகும் வேலையில் தடுமாறுகிறார்கள்.

லேப் வேலையில் பிழைகள் எங்கே நேர்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவமனையில் மரியோ பிளெபானியும் பாவ்லோ கராரோவும் செய்த ஆய்வு 1997-இல் வெளியானது. அவசர லேப்பில் நடந்த 40,490 பரிசோதனைகளைத் தொடர்ந்து பார்த்ததில் 189 பிழைகள் தெரிந்தன. கருவியோ ரசாயனமோ சம்பந்தப்பட்ட, பரிசோதனை நடக்கும் நேரத்துப் பிழைகள் அவற்றில் 13.3 சதவீதம்தான். 68.2 சதவீதம் சாம்பிள் எடுப்பதிலும் பெயர் ஒட்டுவதிலும் அனுப்புவதிலும் நேர்ந்தவை. மீதி 18.5 சதவீதம் முடிவு வந்தபிறகு நேர்ந்தவை. லேப் கல்வி முழுவதும் அந்தப் 13 சதவீதத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. மீதியெல்லாம் மனிதரும் மனிதரும் பேசிக்கொள்ளும் இடத்தில் கிடக்கிறது.

அந்த இடத்தைச் சரிசெய்யும் முயற்சி முன்பே தொடங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த நோய்க்குறியியல் மருத்துவர் ஜார்ஜ் லுண்ட்பர்க், எந்தெந்த அளவு வந்தால் லேப் காத்திராமல் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு 1972-இல் எழுதினார். உயிருக்கு ஆபத்தான அளவுகளின் பட்டியல் இன்று உலகமெங்கும் லேப் சுவர்களில் தொங்குகிறது. 1999-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் வருஷத்துக்கு 44,000 முதல் 98,000 பேர் சாகிறார்கள் என்று அது சொன்னதும், பேச்சைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் பயன்பட்ட ஒரு முறையைக் கைசர் பெர்மனென்ட் மருத்துவமனைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது என்ன நிலை, இதற்கு முன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நாலு படியில் சேதி சொல்லும் முறை அது. 2003-இல், தொலைபேசியில் கேட்ட முடிவைக் கேட்டவர் திரும்பப் படித்துக்காட்ட வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவமனைகளின் அங்கீகார விதிகளில் சேர்ந்தது.

இனி ஓர் இரவுப் பணியை இரண்டு ஊரில் வைத்துப் பார்க்கலாம். பொட்டாசியம் 7.1 வந்திருக்கிறது. இதயம் நின்றுபோகக்கூடிய அளவு. நம் பக்கத்து லேப்பில் போன் இப்படிப் போகும்: "சிஸ்டர், பன்னெண்டாம் பெட்டுக்கு பொட்டாசியம் ஜாஸ்தியா இருக்கு, டாக்டர்கிட்டச் சொல்லிருங்க." சொன்னவருக்கு அக்கறை குறைவில்லை, கேட்டவருக்கும் இல்லை. பல நாள் பழகியவர்கள், குரலே போதும். ஆனால் பன்னிரண்டாம் படுக்கையில் இருந்தவரைச் சாயங்காலமே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால்? 'ஜாஸ்தி' என்றால் 5.8-ஆ, 7.1-ஆ? சிஸ்டர் யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னார்?

டொராண்டோவில் அதே அழைப்பில் டெக்னாலஜிஸ்ட் முதலில் லேப்பின் பெயரையும் தன் பெயரையும் சொல்கிறார். நோயாளியின் முழுப்பெயரோடு இன்னோர் அடையாளம், பிறந்த தேதியோ மருத்துவமனை எண்ணோ. பிறகு பரிசோதனை, அளவு, அலகு, சாம்பிள் எடுத்த நேரம். ரத்த அணு உடைந்த சாம்பிளில் பொட்டாசியம் பொய்யாக ஏறும் என்பதால் இந்த சாம்பிள் அப்படி இல்லை என்பதையும் சொல்கிறார். கேட்டவரை எல்லாவற்றையும் திருப்பிப் படிக்கச் சொல்லி, அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வைக்கிறார். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் போனில் ஒன்றுபோல் ஒலிக்கும் என்பதால் 'ஒன்று, ஐந்து' என்று எண்களைப் பிரித்துச் சொல்வதும் அந்தப் பழக்கத்தில் சேர்த்தி. இதில் கடினமான ஆங்கிலம் ஒரு வரி கிடையாது. பத்தாவது படித்தவர் சொல்லிவிடலாம். பழகாதவருக்கு வாயில் வராது.

அலகுகள் தனிக்கதை. நம் ஊரில் சர்க்கரை 100 என்றால் கனடாவில் அது 5.6. இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், அங்கே லிட்டருக்கு மில்லிமோல். நடுவில் 18-ஆல் வகுக்க வேண்டும். இங்கே ஹீமோகுளோபின் 12, அங்கே 120. கிரியேட்டினினுக்கு 88.4-ஆல் பெருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1977-இல் சர்வதேச அலகுகளை மருத்துவத்துக்குப் பரிந்துரைத்தது. கனடா மாறிவிட்டது, இந்தியாவும் அமெரிக்காவும் பெரும்பாலும் பழைய அலகிலேயே நின்றுவிட்டன. இருபது வருஷ அனுபவத்தில் ஓர் எண்ணைப் பார்த்ததும் 'இது ஆபத்து' என்று மனசு சொல்லும் அந்த உள்ளுணர்வு, விமானத்தை விட்டு இறங்கியதும் வேலை செய்யாமல் போகிறது. அது திரும்பி வரச் சில மாதம் பிடிக்கும். அந்த மாதங்களில் ஒருவர் அரைக்கணம் தயங்குவதைப் பார்த்து 'இவருக்கு ஆங்கிலம் போதாது' என்று முடிவு கட்டுவது அநியாயம்.

கனடாவில் இந்தத் தொழிலுக்கான தேசியச் சங்கம் 1937-இல் உருவானது. வெளிநாட்டில் படித்தவரின் சான்றிதழ்களை அதுதான் எடைபோட்டு, எங்கே குறைகிறது என்று சொல்லி வந்தது. பிறகு தேசியத் தேர்வு. அதன்பின் மாகாணப் பதிவு. ஒன்டாரியோவில் அந்தப் பதிவை நடத்தும் அமைப்பு 1991-ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது. குடியேறியவர்களின் ஆங்கிலத்தை அளக்கப் பன்னிரண்டு படிகள் கொண்ட கனடிய மொழி அளவுகோல் 1996-இல் வந்தது. பொது ஆங்கிலம் போதாது, தொழிலுக்கேற்ற ஆங்கிலம் வேண்டும் என்று மத்திய அரசு தனித் திட்டம் கொண்டுவந்தது 2003-இல். டொராண்டோவின் மிச்சனர் நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலிருந்தே வெளிநாட்டில் படித்த லேப் ஆட்களுக்கு இணைப்புப் படிப்பு நடத்தியது. 1958-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பின்னால் சூட்டப்பட்ட பெயர் ரோலண்ட் மிச்சனருடையது. அவர் 1964 முதல் 1967 வரை இந்தியாவில் கனடாவின் தூதராக இருந்தவர். 2006-இல் ஒன்டாரியோ, தகுதி மதிப்பீடு நியாயமாக நடக்க வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டது. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து, படித்த தொழிலை விட்டு வேறு வேலைகளில் வருஷங்களைக் கழித்த எத்தனையோ தமிழருக்கு அது காலம் கடந்து வந்த சட்டம்.

ஒரு விடுபடலையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் உருவாகி இன்று பல நாடுகள் ஏற்கும் மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வு ஒன்று இருக்கிறது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், கால்நடை மருத்துவர் என்று 12 தொழில்களுக்கு எழுத்திலும் பேச்சிலும் தனித்தனி வினாத்தாள் உண்டு. லேப் டெக்னாலஜிஸ்ட் அந்தப் பன்னிரண்டில் இல்லை. நோயாளியின் முகம் பார்த்துப் பேசாதவர் பேசுவதே இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பணியிடப் பேச்சுப் பயிற்சியின் மிகக் கடினமான பகுதி ஆங்கிலம் அல்ல, மரியாதை. தேனியில் பெரிய டாக்டரிடம் லேப் ஆள் "சார், இந்த சாம்பிளை ஏத்துக்க முடியாது, திரும்ப எடுக்கணும்" என்று நேராகச் சொல்வது அரிது. நர்ஸ் வழியாகவோ அட்டெண்டர் வழியாகவோ சேதி சுற்றிப் போகும். அந்தச் சுற்றுக்கும் ஒரு பயன் உண்டு. யார் முகமும் கோணாமல் காரியம் முடியும். கனடாவில் டாக்டரைப் பெயர் சொல்லி அழைத்து, மறுப்பை மறுப்பாகவே சொல்லி, காரணத்தையும் சொல்ல வேண்டும். புரியவில்லை என்றால் தலையாட்டாமல் மறுபடி கேட்க வேண்டும். நம் தலையாட்டல் அவர்களுக்கு ஆமாவா இல்லையா என்றே விளங்குவதில்லை. இதைவிட முக்கியமானது, தன் கையால் நடந்த பிழையைத் தானே எழுதிக் கொடுப்பது. பிழை என்றால் மெமோ என்று பழகிய ஒருவருக்கு, பிழையை எழுதிக் கொடுத்தால் முறையைத் திருத்துவார்கள் என்று நம்பவே நாளாகும். நல்ல பயிற்சி வகுப்புகளில் இவற்றை நடித்துப் பார்க்கிறார்கள்: ஒருவர் கோபக்கார டாக்டர், ஒருவர் அவசரத்தில் இருக்கும் நர்ஸ், ஒருவர் லேப். மூன்றாம் தடவை நடிக்கும்போது குரலில் நடுக்கம் போய்விடும்.

இந்த நடிப்பை டொராண்டோவில்தான் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்தியாவில் எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு 2019-இலிருந்து தகவல் தொடர்பும் நன்னடத்தையும் பாடமாகிவிட்டன. லேப் தொழில் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது. தேசிய அங்கீகாரம் கேட்கும் லேப்கள் ஆபத்தான முடிவை யாருக்கு, எப்போது சொன்னோம் என்று பதிவு வைத்தாக வேண்டும். க.விலக்கிலோ பெரியகுளத்து மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இன்றைக்கே ஒரு மேஜை போட்டு, வார்டு நர்ஸையும் லேப் மாணவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, அந்த மாத ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தமிழிலேயே போனில் சொல்லிப் பழக்கலாம். பெயர், எண், அளவு, அலகு, நேரம், திரும்பப் படிப்பது. வெளிநாடு போகாத மாணவருக்கும் அது வேண்டும். ஜெயமங்கலத்து நோயாளிக்கும் பொட்டாசியம் 7.1 என்றால் 7.1தான். போகிற மாணவருக்கு அங்கே போனபின் மாற்ற வேண்டியது சொற்களும் சில அலகுகளும் மட்டுமே.